மூச்சுக் காட்டாமல்

டாஸ்மேனியாவின் வடமேற்கு முனையில்
தென்றல் என்ற சொல்லைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.
பனிக்கண்டத்தின் ஓரத்தில் கிளம்பி
வழியில் ஒரு வீடு, ஒரு விளக்கு, ஓர் அடுப்பைக்கூடப் பார்க்காமல்
நேரே வந்து காதைக் கடிப்பது அது.
வாடைதான் இங்கே வெதுவெதுப்பு:
பட்டணத்துப் புகையும் பண்ணைச் சாணமும் கலந்து
கடல் தாண்டி வருவது.

மெரின் ட்ரெதீவிக்கு வேண்டியது கடிக்கிற காற்று.

முப்பத்தைந்து வருஷம், செவ்வாய்தோறும்
பாறை விளிம்புவரை நடந்திருக்கிறாள்.
காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பாள்.
நெஞ்சு நிறைய இழுத்து, அடைத்துக்கொள்வாள்.
பிறகுதான் கண்ணாடிக் குடுவையின் திருகு.
மனுஷ மூச்சில் கரியமில வாயு
வெளிக்காற்றைவிட நூறு மடங்கு.
ஒரு பெருமூச்சு போதும்,
அந்த வாரம் பொய்யாகிவிடும்.

மூச்சுக் காட்டாதே என்று
ரகசியத்துக்குத்தான் சொல்வோம் நாம்.
அவளுக்கு அது வேலை விதி.

நான் அவளைப் பார்த்ததில்லை.
மெல்பர்னில், ஜன்னலில்லாத ஓர் அறையில்
பழைய எண்களைச் சரிபார்ப்பவன்.
அவள் பதிவேடுகள் அட்டைப்பெட்டியில் வந்தன.
உப்பில் ஒட்டிக்கொண்ட தாள்கள்.
எல்லாம் பென்சில்; மழைக்குப் பேனா நிற்காது.

*1984 ஜூன் 12. தென்மேற்கு. 342.*

*வடக்கே திரும்பிவிட்டது. பிராமிக்கின் மாடுகள்
நூற்றெண்பதும் ஒரே நேரத்தில் அசைபோடுகின்றன.
மீத்தேன் எகிறியது. மாதிரி ரத்து.
மாடுகள்மேல் புகார் இல்லை.*

*திருகு இறுகிவிட்டது. பல்லால் திறக்கலாமா?
கூடாது.*

*2016 மே 10. தென்மேற்கு. 400.
புதுக் கையுறை வேண்டும்.*

அவ்வளவுதான்.
நானூறு என்று எழுதிய கை
அடுத்த வரியில் கையுறை கேட்கிறது.
கோபம்தான் வந்தது எனக்கு.
ஒரு ஆச்சரியக்குறி, ஒரு அடிக்கோடு,
ஒரு "ஐயோ" கூடவா இல்லை?
பக்கத்தைப் புரட்டினேன்.
மே 17, கையுறை. மே 24, கையுறை.
*மே 31. கையுறை வரவில்லை. தென்மேற்கு.*
ஒரு வாரமும் விடவில்லை அவள்.

வளைகோடு என் திரையில்
இறங்குவதுபோல் பாவனை செய்து ஏறுகிறது,
வருஷத்துக்கு ஒரு முறை, பிறகும் ஒரு முறை.
அதில் ஒரே ஒரு புள்ளி
கூட்டத்தில் எழுந்து நிற்கிறது:
1993 ஆகஸ்ட் 17.
பதிவேட்டின் ஓரத்தில்:
*என் தவறு. என் மூச்சு. நீக்கவும்.*

ஸ்மித்டனுக்குத் தொலைபேசினேன்.
யாரோ வானொலியைக் குறைத்தார்கள்.
எந்த வருஷம் என்று கேட்டாள்,
எந்த நாள் என்று கேட்கவில்லை.

"சிரித்துவிட்டேன்.
பிராமிக்கின் தொப்பியைக் காற்று கொண்டுபோனது.
ஒரு மாடு அதை மென்றுகொண்டிருந்தது.
அவன் வேலி தாண்டி வந்து
மாட்டிடம் நியாயம் கேட்கிறான்,
மண்டியிட்டு, மரியாதையாக.
எனக்கோ குடுவை திறந்திருக்கிறது."

கொஞ்சம் பொறுத்து,
"அவன் போய் ஆறு வருஷம். குடுவை இருக்கிறதா?"
இல்லை என்றேன். அளந்ததும் வெற்றிடமாக்கி
வேறு கடற்கரைக்கு அனுப்பிவிடுவோம்.
"நல்லது," என்றாள்.
"குடுவைகள் விலை அதிகம்."

எங்கள் வழக்கத்தில் எதையும் நீக்குவதில்லை.
பக்கத்தில் ஓர் எழுத்தைப் போட்டு ஒதுக்கிவைப்போம்.
சராசரியில் சேராது.
கோடு அதைத் தொடாமல் அடியில் போய்விடும்.

அவளுக்குப் பின் எழுத்து மாறுகிறது.
சாய்வான, அவசரமான கை, அதுவும் பென்சில்.
*தென்மேற்கு. 407.
கையுறை வந்துவிட்டது.
எனக்குச் சிறியது.*